ஈசானிய மூலையில் ஒரு பிடி புல்

அண்டாவுக்குப் புல் ஊட்டுவதற்கு முன்னால் பிள்ளையாருக்கு வைத்துவிட வேண்டும் என்பது கோவில்பட்டி கரிசல் ஹாக்கிக் கழகத்தின் எழுதாத சட்டம்.

அந்த ஏப்ரல் மாதப் புதன்கிழமையும், வெயில் ஏறுவதற்குள் கழகத்துக்காரர்கள் மைதானத்தின் ஈசானிய மூலையில் கூடிவிட்டார்கள். செயலாளர் வெயிலுமுத்து மஞ்சளைப் பிசைந்து பிள்ளையார் பிடித்தார். களக்காப்பாளர் செண்பகவல்லி மண்டியிட்டு, இருப்பதிலேயே பச்சையான இடமாகப் பார்த்து, கத்தரியால் ஒரு பிடி புல்லை நறுக்கினாள். அதில் நான்கு இழைகளை வாங்கிப் பிள்ளையாரின் தலையில் செருகிச் சூடம் காட்டினார் வெயிலுமுத்து. மிச்சப் பிடியைச் செண்பகவல்லி அண்டாவின் வாயில் போட்டாள். அண்டா ஒரு தரம் செருமியது. பிறகு உள்ளே எதையோ அரைக்கத் தொடங்கியது.

"எல்லாரும் வரிசையா நில்லுங்கப்பா, படம் எடுக்கணும்" என்றார் வெயிலுமுத்து. "இந்த வருசம் சும்மா படம் இல்ல. முன்னாடி புதுசா, மூஞ்சியப் பாத்துத் திறக்குற நம்மவர் வாசல் போட்ருக்கோம்ல, அதுக்கும் இதுதான் மாதிரி. ஏழு பேராவது இருந்தாத்தான் எடுத்துக்கிடுமாம். ஏய்யா ஆல்வின், எங்க நழுவுற? நீயும் வந்து நில்லு. ஆளு குறையுதுல்ல."

"அண்ணாச்சி, நான் தூத்துக்குடிக்காரன். அண்டாவுக்கு வடிகட்டி மாத்த வந்தவன்" என்றான் ஆல்வின். அண்டா செய்யும் நிறுவனத்தின் பழுதுநர் அவன்.

"மூஞ்சி இருக்குல்ல? நில்லு."

ஆல்வின் சிரித்துக்கொண்டே ஓரத்தில் போய் நின்றான். செண்பகவல்லி எல்லா வருடமும் போலக் கைக்கருவியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். படத்தின் கீழ் விளிம்பில் அவள் தலை நிழல் மட்டும் விழுந்திருந்தது.

அண்டா என்பது ஊர் வைத்த பெயர். அதன் முதுகில் பதித்திருந்த தகட்டில் 'தெரிகொல்லி வடிகலம்' என்று இருந்தது. அது வந்து பதினோரு வருடம் ஆகிறது. அது செய்யும் வேலை என்ன என்று புரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

களையை மட்டும் கொன்று புல்லை விட்டுவைக்கும் மருந்துகள் நூறு வருடத்துக்கு மேலாகவே இருக்கின்றன. அகன்ற இலைச் செடிகளுக்கு ஒன்று, கோரைக்கு ஒன்று, விதை முளைக்கும்போதே அமுக்கிவிட இன்னொன்று. நஞ்சு களையைத் தேடிப் போய்த் தாக்குகிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் நஞ்சுக்குக் கண் கிடையாது. ஒரே மருந்துதான் புல்லின் மேலும் விழுகிறது, களையின் மேலும் விழுகிறது. இரண்டுக்கு உள்ளேயும் இறங்குகிறது. புல்லிடம் அந்த நஞ்சை உடைத்துச் செரித்துவிடும் நொதி ஒன்று இருக்கும். களையிடம் இருக்காது, அல்லது மிக மெதுவாக வேலை செய்யும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே விருந்தில் சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் வயிறு கெடுவதைப் போல.

இதில் தலைவலி எங்கே என்றால், புல்லுக்குள் புல்லாகவே முளைக்கும் களையில்தான். நெருங்கிய உறவு. ஒன்று செரிப்பதைப் பெரும்பாலும் மற்றதும் செரிக்கும். அந்தக் களைகளுக்கு ஏற்ற மருந்தைத் தேடித் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் அண்டா வந்தது. கேள்வியையே அது திருப்பிப் போட்டது. களை எது என்று அது கேட்பதே இல்லை. உன் புல் எது என்று மட்டும் கேட்கும். ஒரு பிடி கொடுத்தால் அரைத்து, அதிலுள்ள நொதிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்து, அந்த நொதிகளால் மட்டுமே உடைக்கக்கூடிய நஞ்சு ஒன்றை வடித்துத் தரும். சாவியைப் பார்த்துப் பூட்டுச் செய்கிற வேலை. அந்த நஞ்சைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் தெளிக்கலாம். சாவி வைத்திருக்கும் செடி பிழைக்கும். மற்றதெல்லாம், பெயர் தெரிந்ததோ தெரியாததோ, எட்டு நாளில் வைக்கோல்.

பதினோரு வருடத்தில் ஊரே மாறிப்போனது. பூங்கா, ரயில்வே கரை, பள்ளிக்கூடத் திடல் எல்லாம் இஸ்திரி போட்ட பச்சைத் துணி. நெருஞ்சி முள் குத்திய அனுபவம் இருபது வயதுக்குக் கீழே யாருக்கும் கிடையாது. வேளாண் கல்லூரிகளில் களைகளை இனம்பிரிக்கும் பாடத்தை எடுத்துவிட்டார்கள். நம்முடையது எது என்று காட்டத் தெரிந்தால் போதும் என்றான பிறகு, மற்றவற்றின் பெயர் யாருக்கு வேண்டும்?

ஹாக்கிக்கு இது பெரிய வரமாக அமைந்தது. பிளாஸ்டிக் விரிப்பு மைதானங்களின் நூல்துகள்கள் குடிதண்ணீர் வரைக்கும் வந்துவிட்டதால் உலகம் முழுக்க அவற்றைத் தடை செய்திருந்தார்கள். ஆட்டம் மறுபடி புல்லுக்கு வந்திருந்தது. புல்லில் ஹாக்கி ஆட வேண்டுமானால் தரை மேசைபோல இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு கோரைக் குத்து இருந்தாலும் போதும், உருண்டு வரும் பந்து அதில் மோதி முகத்துக்கு எழும்பும். செண்பகவல்லிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினேழாவது வயதில், மாவட்ட அணிக்கு ஆடும்போது, அப்படி எழும்பிய ஒரு பந்து அவளுடைய முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோனது. இப்போதிருப்பவை கட்டிய பற்கள். கவலை வந்தால் நாக்கு தானாக அங்கே போய்த் தடவும். ஆட்டத்தை விட்டவள் தரையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடமாக அவள் பார்க்கும் தரையில் ஒருவர் பல்லும் போனதில்லை.

அன்று மாலைக்குள் அண்டா வடித்துக் கொடுத்துவிட்டது. மருந்தை நத்தை வாங்கிக்கொண்டது. நத்தை என்பது தானியங்கித் தெளிப்பி. ஈரக்கோடு இழுத்துக்கொண்டு மெல்ல ஊர்வதால் அந்தப் பெயர். கோடைப் போட்டிக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது. நத்தை மைதானம் முழுவதும் ஊர்ந்து முடித்தது.

ஐந்தாவது நாள் காலை, மோட்டார் அறைப் பக்கத்துப் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த செண்பகவல்லி அப்படியே நின்றாள்.

மைதானம் வெளுத்திருந்தது. முற்றிய நெல் வயலைப் போல ஒரு மஞ்சள். முதலில் தண்ணீர்க் கோளாறு என்று நினைத்து ஓடிப்போய்க் குழாய்களைப் பார்த்தாள். எல்லாம் சரி. திரும்பி வந்து கேலரியின் மேல்படியில் ஏறிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. மஞ்சளுக்கு நடுவே அங்கங்கே பச்சைத் திட்டுகள் இருந்தன. தட்டு அளவில், முறம் அளவில், கடலுக்குள் தீவுகளைப் போல. ஈசானிய மூலையில் மட்டும் ஒரு அறை அளவுக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது.

நாக்கு முன்பல்லைத் தேடிப் போனது.

ஒரு மணி நேரத்தில் வெயிலுமுத்து வந்துவிட்டார். தூத்துக்குடியிலிருந்து ஆல்வினும் வந்து சேர்ந்தான். வெயிலுமுத்து களத்தின் ஓரத்தைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா பண்ணிச்சு உன் அண்டா?"

"அண்டா மேல தப்பு இல்ல அண்ணாச்சி. பதிவு முழுக்கப் பாத்துட்டேன். குடுத்த மாதிரிக்கு வடிச்சிருக்கு. நத்தையும் சரியாத்தான் தெளிச்சிருக்கு."

"அப்புறம் ஏன் புல்லு சாவுது?"

"புல்லு சாகலையே. அந்தா மூலையில நல்லா நிக்குது" என்றான் ஆல்வின். சொன்ன பிறகு அவன் முகமும் மாறியது.

செண்பகவல்லி மோட்டார் அறைக்குப் போய், பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி, ஒரு கைலென்ஸை எடுத்து வந்தாள். அதைத் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. மஞ்சள் பகுதியில் ஒரு தண்டையும் பச்சைப் பகுதியில் ஒரு தண்டையும் பிடுங்கினாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இலை அகலம் ஒன்று, கணு இடைவெளி ஒன்று, தரையோடு படரும் விதமும் ஒன்று. ஆனால் புல்லைப் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்ப்பார்கள். இலை தண்டைவிட்டுப் பிரியும் இடம்தான் கழுத்து. இலையை மெதுவாக வளைத்து அங்கே லென்ஸை வைத்தாள்.

"ஆல்வின், இங்க பாரு. இந்த மஞ்சள்ல என்ன தெரியுது?"

"பூனை மயிர் மாதிரி சின்னச் சின்னதா ஒரு வரிசை."

"அது அருகு. நம்ம மைதானத்துல நட்டது. இப்ப பச்சையைப் பாரு."

அவன் வெகுநேரம் பார்த்தான். "மயிர் இல்லக்கா. வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கு."

"வேற புல்லு" என்றாள் செண்பகவல்லி. "பேரு எனக்கும் தெரியல. அருகு மாதிரியே இருக்கக் கத்துக்கிட்ட வேற ஏதோ ஒண்ணு."

வெயிலுமுத்து இரண்டு தண்டுகளையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். லென்ஸ் இல்லாமல் பார்த்ததால் அவருக்கு இரண்டும் ஒரே புல்லாகவே இருந்தன. "வேற புல்லுன்னா அண்டா எப்பவோ கொன்னிருக்கணுமே தாயி? பதினோரு வருசமா எப்படி இருந்துச்சு?"

அதற்கு விடை அண்டாவின் நினைவுத்தட்டில் கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் கொடுத்த பிடியில் எத்தனை விதமான நொதிகள் இருந்தன என்ற எண்ணிக்கையை அது குறித்து வைத்திருந்தது. ஆல்வின் வாசித்தான். முதல் வருடம் நாற்பத்தொன்று. இரண்டாம் வருடமும் நாற்பத்தொன்று. மூன்றாம் வருடம் அறுபத்திமூன்று. அதற்கப்புறம் எட்டு வருடம் அறுபத்திமூன்றுதான். இந்த வருடம் நாற்பத்திநான்கு.

செண்பகவல்லிக்கு முழுதும் விளங்கிவிட்டது. மூன்றாம் வருடம் அவள் நறுக்கிய பிடியில் அருகோடு ஒட்டிக்கொண்டு இந்த அந்நியப் புல்லின் இழை ஒன்றிரண்டும் வந்திருக்கிறது. அண்டாவுக்கு ஒரு பிடி என்றால் ஒரு புல். பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே இருந்த எல்லா நொதிகளையும் சேர்த்து நம்முடையது என்று எழுதிக்கொண்டு, இரண்டில் எதுவும் செரிக்கக்கூடிய நஞ்சாக வடித்துக் கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் புல் சட்டப்படி உள்ளே வந்துவிட்டது. ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் எப்போதும் கசியும். அந்த ஈரத்தில் அருகைவிட அது செழித்தது. மங்களமான காரியத்துக்கு ஆகப் பச்சையான புல்லைத்தானே எடுப்பார்கள்? வருடா வருடம் பிடியில் அதன் பங்கு கூடிக்கொண்டே போய், இந்த வருடம் பிடி முழுக்க அதுவாகவே ஆகிவிட்டது. அண்டா சொன்னதைச் செய்தது. சாவி இல்லாத எல்லாவற்றையும் கொன்றது. இந்தத் தடவை அந்த 'எல்லாம்' என்பது மைதானத்தில் எட்டில் ஏழு பங்கு.

"களத்துக்குள்ள கத்தரி வைக்கக் கூடாது, பள்ளம் விழும், ஈசானிய மூலையிலதான் எடுக்கணும்னு வெச்சது நாமதான்" என்றாள்.

வெயிலுமுத்து கேட்ட கேள்வி வேறு. "அப்ப பிள்ளையாருக்கு வெச்சது அருகம்புல் இல்லியா?"

"ஒம்பது வருசமா ரெண்டும் கலந்து வெச்சிருக்கோம் அண்ணாச்சி. இந்த வருசம் முழுக்கக் களைதான்."

அவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிற நேரமாக இல்லை. போட்டிக்கு இருபத்தேழு நாள். மைதானம் ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் கோடைப் போட்டி வேறு ஊருக்குப் போய்விடும். ஒரு கோடையில் போட்டி நடக்காவிட்டால் கழகத்தின் குத்தகை முறியும் என்பது ஒப்பந்தம். அந்த இடத்தில் மின்வண்டிகளுக்கு மின்கலம் ஏற்றும் நிலையம் கட்ட மூன்று வருடமாக வரைபடம் தயாராக இருந்தது. அப்புறம் இந்த ஊரில் புல் தரையே கிடையாது. செண்பகவல்லி கையால் நறுக்கிய பிடி அது. மற்றவர்கள் என்ன சொன்னாலும் தப்பு தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"வெளியூர்ல இருந்து அருகு பத்தை பத்தையா வாங்கிட்டு வந்து பதிச்சிருவோம்" என்றார் வெயிலுமுத்து. "மதுரையில குடுப்பாக."

ஆல்வின் தலையை ஆட்டினான். "முடியாது அண்ணாச்சி. மருந்து மண்ணுலயும் இருக்கு. ஒரு மாசம் உடையாது. புதுசா எதைக் கொண்டாந்து நட்டாலும் எட்டு நாள்ல இதே கதிதான். சாவி இருந்தாத்தான் பொழைக்கும்."

குழாய் கசிந்துகொண்டிருந்தது. செண்பகவல்லியின் பார்வை மெல்ல மூலைக்குப் போனது.

"சாவி உள்ளது ஒண்ணு இருக்கே" என்றாள்.

"யக்கா, அது களை."

"யாரு சொன்னா? அண்டாவைக் கேட்டுப் பாரு."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்று மதியத்திலிருந்தே வேலை தொடங்கியது. மூலைத்திட்டில் பாதியையும் தீவுகளில் பாதியையும் தோண்டி எடுத்தார்கள். ஓடுதண்டுகளைக் கணுக்கணுவாக நறுக்கினார்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு செடி என்பதுதான் படரும் புல்லின் சூட்சுமம். விதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செத்த புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, நறுக்கிய கணுக்களை வெற்றுக் கரிசலில் தூவி, மேலே ஒரு விரல் மண் போட்டு, உருளையை ஓட்டினார்கள். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தரம் பூவாளித் தூவல். சித்திரை வெயில் எல்லாருக்கும் எதிரி, படரும் புல்லுக்கு மட்டும் நண்பன். பத்தாவது நாள் களம் அம்மைத் தழும்புபோலப் பச்சைப் புள்ளி வைத்தது. பதினைந்தாவது நாள் புள்ளிகள் கை நீட்டி ஒன்றையொன்று தொட்டன. இருபத்திரண்டாவது நாள் மண் தெரியவில்லை.

மறுநாள் முதல் வெட்டு வெட்டிவிட்டு, ஒரு பந்தை எடுத்து மைதானத்தின் குறுக்கே உருட்டிவிட்டாள் செண்பகவல்லி. பந்து கோடு போட்டதுபோல ஓடியது. இத்தனை வருடத்தில் எந்தப் பந்தும் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. இன்னொரு தரம் உருட்டினாள். அதேதான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. யோசனைதான் வந்தது. இந்தப் புல்லுக்கு இப்படி இருக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தினமும் அரை விரல் உயரத்தில் ஓடும் வெட்டுப்பொறி, நிமிர்ந்து வளர்ந்தவற்றின் தலையை எல்லாம் வாங்கியது, படுத்துக்கொண்டவை விதைத்தன. அகன்ற இலை வைத்தவை அவள் கண்ணில் பட்டுப் பிடுங்கப்பட்டன, ஒடுங்கியவை தப்பின. வெளிர்பச்சை கத்தரிக்குத் தப்பியது, அதனால் அண்டாவுக்குள் போகவில்லை, அதனால் செத்தது. ஆகக் கரும்பச்சை பிடிக்குள் போய்ப் பிழைத்தது. பதினோரு வருடமாக அவள் அருகைப் பார்த்துக்கொண்டதாக நினைத்தாள். உண்மையில் அவள் கை, அவளுக்கே தெரியாமல், இதைத்தான் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருந்தது.

அண்டா வழக்கம்போல நத்தையை ஊரவிட்டு மைதானம் முழுவதும் வாசித்து, மாநில ஹாக்கிச் சங்கத்துக்குத் தானாகவே சான்றிதழ் அனுப்பியது. ஆல்வின் அதைக் கொண்டுவந்து காட்டினான்.

"களத்தூய்மை நூத்துக்கு நூறு அண்ணாச்சி! மாநிலத்துலயே யாரும் தொண்ணூத்தேழைத் தாண்டினது இல்ல."

வெயிலுமுத்து அதை இரண்டு தரம் வாசித்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "சட்டம் போட்டு மாட்டிருவமா?"

"அண்ணாச்சி, இது அருகு இல்லன்னு சங்கத்துக்கு எழுதிப் போட வேண்டாமா?" என்றாள் செண்பகவல்லி.

"என்னன்னு எழுத? 'எங்க புல்லு எங்க புல்லு இல்ல'ன்னா? மாதிரியும் களமும் ஒண்ணா இருக்குன்னு அவுக நம்புற அண்டாவே சொல்லுது. நீ எழுதிப்போட்டா உனக்குத்தான் வெயில் மண்டையில ஏறிருச்சும்பாக."

அவள் எழுதினாள். 'மாதிரியோடு ஒத்துப்போகிறது, மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. எழுதியது ஆளா பொறியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

போட்டியின் முதல் நாள். காலை ஆறரை மணிக்கே ஊர் களைகட்டியிருந்தது. அணிகளின் பேருந்துகள் பின்சந்தை அடைத்துக்கொண்டு நின்றதால் மோட்டார் அறைக் கதவைப் பூட்டியிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் களத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தாக வேண்டும். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்த செண்பகவல்லி, புது வாசல் வழியாக முதல்முறையாக நுழையப் போனாள்.

குறுக்குக் கம்பி விலகவில்லை. தூணில் பதித்திருந்த கண்ணாடி அவளை மேலும் கீழும் பார்த்தது.

"வணக்கம். நீங்கள் மாதிரியில் இல்லை" என்றது வாசல், மிக மரியாதையாக.

அவள் ஓரடி பின்னால் போய் மறுபடி வந்தாள். "வணக்கம். நீங்கள் மாதிரியில் இல்லை. பார்வையாளர் வாசல் உங்கள் இடப்பக்கம் உள்ளது." அந்த வழியில் போனால் கேலரிக்குத்தான் போகலாம். கேலரிக்கும் களத்துக்கும் நடுவே கம்பிவேலி.

வெயிலுமுத்துவைக் கைக்கருவியில் கூப்பிட்டாள். உள்ளே மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார். "பேரைச் சொல்லி விடச்சொல்லு தாயி!"

"இதுக்குப் பேரு தெரியாது அண்ணாச்சி. மாதிரிதான் தெரியும்."

"பருவம் முடியுற வரைக்கும் மாதிரியை மாத்த முடியாதுன்னாங்களே. அந்தப் படத்துல நீயும்தான இருந்த?"

"படம் எடுத்தது யாரு அண்ணாச்சி?"

"இரு, ஆல்வினை அனுப்புதேன்" என்ற குரல் இறங்கி வந்தது.

ஆல்வின் உள்ளிருந்து வந்தான். "வருக, நம்மவரே" என்று சொல்லிக் கம்பி அவனுக்கு விலகியது. வெளியே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"என்னக்கா, தூத்துக்குடிக்காரன நம்மவரேங்குது, உங்கள யாருன்னு கேக்குது."

"சிரிடா. நல்லா சிரி. ஏழாவது ஆளா ஒட்டிக்கிட்டு வந்தவன்தான நீ."

சொன்னபிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆல்வின் சிரிப்பை விட்டுவிட்டான்.

"இதுவும் எங்க கம்பெனி சரக்குதான். அண்டாவுக்குத் தம்பி" என்றான் தணிந்த குரலில். "ஒரு பிடியைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. என் தோளை ஒட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கிடும்."

இருபது வருடமாகப் பார்த்துவரும் மைதானத்துக்குள் போக அவன் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, அவன் அடிக்கு அடி வைத்து நடந்தாள் செண்பகவல்லி. கண்ணாடி இருவரையும் பார்த்தது. கொஞ்சம் தயங்கியது.

"உடன் வருபவரா?"

"ஆமா" என்றான் ஆல்வின். "எங்கூட வந்தவங்க."

கம்பி விலகியது.

களத்தில் யாரும் இறங்கியிருக்கவில்லை. பனி காயாத பச்சையில் நத்தை மட்டும் தன் கடைசிச் சோதனைச் சுற்றைப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் பின்னாலேயே நடந்து பார்த்தாள். நூற்றுக்கு நூறு. நடுக்கோட்டுக்கு வந்ததும் நத்தை நின்றது.

"களை, ஒன்று. நடுக்கோடு. அழிக்கலாமா?"

செண்பகவல்லி குனிந்தாள். கரிசல் வெடிப்பு ஒன்றின் வாயில், இரண்டே இரண்டு இலை. மருந்து இறங்காத ஆழத்தில், ஒரு சாண் கீழே, கிழங்குபோல ஒரு துண்டு தண்டு பிழைத்துக் கிடந்திருக்க வேண்டும். லென்ஸ் சட்டைப்பையில் இருந்தது. இலையை வளைத்துக் கழுத்தைப் பார்த்தாள். பூனை மயிர் வரிசை.

எழுந்து, பையிலிருந்த பந்தை எடுத்து, பத்தடி தள்ளி நின்று அந்த இரண்டு இலைகளின் மேலேயே உருட்டிவிட்டாள். பந்து எழும்பவில்லை. நேராக ஓடியது. இன்னொரு தரம் உருட்டிப் பார்த்தாள். நேராகத்தான் ஓடியது.

"அழிக்கலாமா?" என்று நத்தை மறுபடி கேட்டது. "மாதிரியில் இல்லை."

"விடு" என்றாள் செண்பகவல்லி. "எங்கூட வந்தது."

நத்தை அதைப் பதிந்துகொண்டு, அந்த இரண்டு இலைகளைச் சுற்றி வளைந்து, மறுகோட்டை நோக்கி ஊர்ந்து போனது.